ஒதுக்கி வைப்பது நம் மரபா? கேன்சல் கல்ச்சர் பற்றி ஒரு பாடம்



சில வாரங்களுக்கு முன் கியா பார்மில் நடந்த ஞாயிறு வகுப்புக்குப் போயிருந்தேன். அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடம் பெரியபுராணம் அறிமுகம். தேவாரம் பாடி முடித்து உட்கார்ந்தால், பிள்ளைகள் யாருக்கும் பாடத்தில் மனசே இல்லை. ஆளுக்கு ஒரு போன், அதில் ஒரே காணொலி. விஷயம் இதுதான். அங்கே மார்க்கெட்டில் ஸ்ட்ராபெரி விற்கும் கடை ஒன்றில் வேலை செய்யும் நம்ம தமிழ்ப் பொண்ணு, கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, "வேணும்னா வாங்குங்க, இல்லன்னா போய்க்கிட்டே இருங்க" என்று கத்துகிறாள். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. மொத்தம் இருபது விநாடி. அந்தக் குடும்பத்தில் யாரோ எடுத்துப் போட்டது புலனத்தில் சுற்றி, டிக்டாக்கில் ஏறி, மறுநாள் காலைக்குள் தாப்பா வரைக்கும் போய்விட்டது. "இந்தக் கடையில் யாரும் வாங்காதீங்க", "இவளை வேலையை விட்டுத் தூக்குங்க", அதற்குக் கீழே எழுதக் கூசும் சங்கதிகள்.

வகுப்பில் பதினான்கு பேர். "எத்தனை பேர் இதை அடுத்தவங்களுக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டேன். பதினொரு கை உயர்ந்தது. "அந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்றேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏனென்றால் அவளும் அந்த வகுப்புக்கு வருகிறவள்தான். அன்றைக்கு மட்டும் வரவில்லை.

பின் வரிசையில் ஒரு பையன், லாரி அட்டெண்டனாக வேலை பார்க்கிறவன், நேராகக் கேட்டான்: "அண்ணே, அவ பேசினது தப்புதானே? தப்பு பண்ணா ஊரு ஒதுக்கி வெக்கிறது நம்ம பழைய வழக்கந்தானே? இப்ப போன்ல பண்றோம், அவ்ளோதான்." நல்ல கேள்வி. அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

'கேன்சல் கல்ச்சர்' புதுச் சொல். ஒருவர் செய்ததோ சொன்னதோ பிடிக்கவில்லையென்றால் எல்லாரும் சேர்ந்து அவருடைய பொருளை வாங்காமல், பாட்டைக் கேட்காமல், அவரோடு பேசாமல், அவர் பிழைப்பையே நிறுத்துவதற்கு அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி அகராதி இதை 2019-ஆம் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. சொல் புதுசு, ஆனால் அந்தப் பையன் சொன்ன மாதிரி சங்கதி பழசுதான். நம் ஊர்களில் 'ஊர்விலக்கு' என்பார்கள். ஊர்க் கிணற்றில் தண்ணி எடுக்கக் கூடாது. வண்ணார் துணி எடுக்க மாட்டார், நாவிதர் முடி வெட்ட மாட்டார். அடுப்புக்கு நெருப்புக் கேட்டால் கொடுக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டி சொல்வார்: "பேசாம இருக்கிறதுதான் பெரிய அடி. கையால அடிச்சாக்கூட ரெண்டு நாள்ல ஆறிடும்."

காந்திக்கும் இது நடந்தது. 1888-இல் அவர் சட்டம் படிக்க லண்டன் கிளம்பியபோது, கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுப்போகும் என்று பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதித் தலைவர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவருக்கும் அபராதம் போட்டார்கள். திரும்பி வந்து பல வருஷம் ஆன பிறகும், சாதியில் ஒரு பிரிவு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாமியார் வீட்டில் தண்ணிகூடக் குடிக்க முடியாத நிலை. அவர்கள் ரகசியமாகக் கொடுக்கத் தயாராக இருந்தும், வெளியே செய்ய முடியாததை ஒளிந்து செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார். தள்ளி வைத்தவர்கள்மேல் அவர் பகை பாராட்டவில்லை. பிற்காலத்தில் அவர்களே தனக்கு உதவினார்கள் என்று சுயசரிதையில் எழுதுகிறார்.

கடல் தாண்டுவது குற்றமென்றால், ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கிய நம் தாத்தா பாட்டிமார் கதி? அந்தக் கணக்கில் இதைப் படிக்கிற நாம எல்லாருமே கேன்சல் ஆனவங்க பேரப்பிள்ளைகள்தான்! சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் 'மரபு' என்று அடித்துச் சொன்ன காரணம் பிறகு காற்றில் போய்விடுகிறது. ஒதுக்கப்பட்டவன் பட்ட பாடு மட்டும் அவன் வீட்டில் தங்கிவிடுகிறது.

ஊர்விலக்கை நான் புகழ வரவில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகளை, கோயிலுக்குள் வர உரிமை கேட்டவர்களை, கணவனை இழந்த பெண்களை நசுக்கத்தான் அது அதிகம் பயன்பட்டது. மராட்டிய மாநிலம் 2016-இல் சமூக விலக்கையே குற்றமாக்கித் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஆனாலும் பழைய பஞ்சாயத்தில் இரண்டு விஷயம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் நேரில் நிற்பான், அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும். தெண்டம் கட்டி, சபையில் விழுந்து கும்பிட்டால் ஊரோடு சேர்த்துக்கொள்வார்கள். அந்த விழுந்து கும்பிடுவதிலும் எத்தனையோ அவமானம் இருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் அதோடு விஷயம் முடிந்தது. டிக்டாக்கில் இரண்டுமே கிடையாது. அந்தப் பொண்ணு யாரிடம் போய் விழுவாள்?

இப்போது அன்றைக்கு எடுக்காமல் விட்ட பெரியபுராணத்துக்கு வருகிறேன். நம் சைவ மரபில் ஒதுக்கி வைத்த கதை ஒன்று நடுவீட்டிலேயே இருக்கிறது.

திருவாரூர்க் கோயிலில் தேவாசிரிய மண்டபம். அங்கே அடியார்கள் கூட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். சுந்தரர் சாமி கும்பிட வருகிறார். சிவபெருமானே தோழனாக ஏற்றுக்கொண்டவர், ஊரில் பெரிய செல்வாக்கு. இந்த அடியார்களுக்கு நான் அடியவன் ஆகும் நாள் எந்நாளோ என்று மனசுக்குள் நினைத்தபடியே, வெளியே அவர்களைக் கும்பிடாமல் ஒதுங்கி உள்ளே போகிறார். அங்கிருந்த விறன்மிண்ட நாயனாருக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் மலைநாட்டுச் செங்குன்றூர்க்காரர் (மலைக்காரர்களுக்கே கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி, கேமரன் மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை). அடியார்களை மதிக்காத இந்த வன்றொண்டன் அடியார் கூட்டத்துக்குப் 'புறகு', அதாவது வெளியாள், என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? அவனை ஏற்றுக்கொண்ட சிவனும் புறகு என்றார்! யோசித்துப் பாருங்கள். சிவன் கோயிலில் உட்கார்ந்துகொண்டு சிவனையே தள்ளி வைக்கிறார் ஓர் அடியார். அவரையும் நாயன்மாராக வைத்துத்தான் நாம் கும்பிடுகிறோம்.

சுந்தரர் என்ன செய்தார்? 'என்னைத் தெரியாதா இவருக்கு' என்று கேட்கவில்லை. தனக்கு ஆள் சேர்க்கவில்லை. விறன்மிண்டர் பழைய தப்புகளைத் தோண்டவில்லை. இறைவனிடம் போய், அடியார்களுக்கு நான் அடியவன் ஆக வேண்டும் என்று வேண்டினார். இறைவனே முதலடி எடுத்துக் கொடுக்க, திருத்தொண்டத்தொகை பாடினார். ஒவ்வொரு அடியார் பேராகச் சொல்லி, இவருக்கு நான் அடியேன், அவருக்கு நான் அடியேன் என்று பதினொரு பாட்டு. தனியடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டம். அதில் முதல் பாட்டிலேயே, தன்னைத் தள்ளி வைத்த விறன்மிண்டர் பேரும் இருக்கிறது. அதைக் கேட்ட விறன்மிண்டர் மனம் குளிர்ந்து சுந்தரரை ஏற்றுக்கொண்டார். அந்தப் பதினொரு பாட்டை வைத்துத்தான் நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதி செய்தார், அதற்குப் பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் எழுதினார். நம் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கிற அறுபத்துமூவர், இந்த ஒரு சண்டையும் அதன் சமாதானமும் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் வகுப்பில் ஒரு தங்கச்சி, "அப்ப விறன்மிண்டரும் கேன்சல்தானே பண்ணாரு?" என்றாள். ஆமாம், பண்ணினார். ஆனால் எப்படி? முகத்துக்கு நேரே, தன் பேரோடு, தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே பேசினார். முகமூடி போட்டுக்கொள்ளவில்லை. பெரிய இடத்து ஆள் என்று விலக்குக் கொடுக்கவில்லை. ஆண்டவனுக்கே கொடுக்காதவர் யாருக்குக் கொடுப்பார்! தனக்கு வந்த கோபமும் இல்லை அது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சாதாரண அடியார்களின் மரியாதைக்காகப் பேசினார். எல்லாவற்றையும்விட, சுந்தரர் திருந்திப் பாடியதும் பிடிவாதம் பிடிக்காமல் விட்டுவிட்டார். நம் புலனக் குழுக்களில் கடைசியாக எப்போது ஒருவர், "சரிப்பா, போதும், அவரை விட்டுடுங்க" என்று எழுதிப் பார்த்தீர்கள்?

அப்பர் சுவாமிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய பதவிக்குப் போனவர், சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி வந்தபோது அக்கா திலகவதியார், "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்.

இன்னொரு பக்கமும் உண்டு. உத்தரகாண்டத்தில் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ராமர் சீதையைக் காட்டுக்கு அனுப்புகிறார்.  கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார், அந்தப் பகுதிக்கே போகவில்லை. ஏன் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

திருவள்ளுவர் இதற்கெல்லாம் ஒரே அதிகாரம் ஒதுக்கவில்லை. புறங்கூறாமையை இல்லறவியலில், 19-ஆம் அதிகாரமாக வைத்தார். அதாவது அது வீட்டு ஒழுக்கம். அடுத்தவர் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் நம் குற்றத்தையும் பார்த்தால் உலகத்தில் கேடே இல்லை என்பது அங்கேதான் வருகிறது. தண்டனை பற்றிப் பேசும்போது மட்டும் பொருட்பாலுக்கு, ஆட்சி செய்கிறவன் கடமைக்குப் போகிறார். 57-ஆம் அதிகாரத்தில், முதலில் தகுந்தபடி ஆராய வேண்டும், திரும்ப நடக்காத அளவுக்குத் தண்டிக்க வேண்டும், ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, போடும்போது மென்மையாகப் போட வேண்டும் என்கிறார். விசாரிப்பதும் அளவோடு அடிப்பதும் பொறுப்புள்ளவன் வேலை. கையில் போன் இருப்பதனால் மட்டும் நமக்கு அந்தப் பதவி வந்துவிடாது.

நமக்குக் கசக்கிற ஒரு சம்பவத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-இல் வந்தது. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் திருவிழாவைப் பின்னணியாகக் கொண்ட கதை. நாலு வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் வந்த பிறகு, 2014 டிசம்பரில் சாதி அமைப்புகளும் இந்து அமைப்புகளும் போராட்டத்தில் இறங்கின. புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். சொந்த ஊரை விட்டும் போனார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், எழுதியவரை மிரட்ட முடியாது என்பது அதன் சாரம். அதே வருஷம் அவர் திரும்ப எழுத வந்து 'பூனாச்சி' கொடுத்தார்.

அந்த நாவல் என் மனசையும் சங்கடப்படுத்தியது, மறைக்க மாட்டேன். கோயில் சம்பந்தப்பட்டதை இப்படி எழுதலாமா என்று தோன்றியது. ஆனால் கத்தினவர்களில் எத்தனை பேர் புத்தகத்தை முழுசாகப் படித்தார்கள்? நாலு பக்கத்தை நகல் எடுத்து ஊரெல்லாம் கொடுத்ததும், இருபது விநாடிக் காணொலியைச் சுற்றவிட்டதும் ஒரே வேலைதான். பிறர் நம்மைக் கேன்சல் செய்யும்போது மட்டும் இது அநியாயம் என்று சொல்ல முடியாது. பிடிக்காத நூலுக்கு மறுப்பு நூல் எழுதிப் பழகிய மரபு நம்முடையது. வள்ளலாரின் அருட்பாவை எதிர்த்து ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து எத்தனை கண்டனங்கள், அதற்குப் பதிலாக இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை! அந்தச் சண்டையிலும் வசை உண்டு, கோர்ட்டு கேஸ்கூட உண்டு. ஆனாலும் இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மோதினார்கள்.

அதற்காக, யார் எது செய்தாலும் கண்டுகொள்ளாமல் போக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, புகழ்பெற்ற பாடலாசிரியர் ஒருவர்மேல் பாலியல் புகாரை வெளிப்படையாகச் சொன்னார். அவர் அதை மறுத்தார். அடுத்த மாதமே, சந்தா கட்டவில்லை என்ற காரணத்தைக் காட்டி டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் சின்மயி. பொதுவெளியில் பேரைச் சொல்வதைத் தவிர வேறு கதவே திறக்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்து, "பெரியவங்களை அப்படிப் பேசலாமா" என்று மரபைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் வாயை அடைக்கக் கூடாது. புகார் சொல்கிறவர் பாதிக்கப்பட்டவர், பேர் சொல்லிப் பேசுகிறார், விசாரணை கேட்கிறார். நாம் செய்தது அதுவா? ஸ்ட்ராபெரிப் பெட்டியால் நமக்கு என்ன பாதிப்பு?

இது விளையாட்டு இல்லை என்பதை நம் நாட்டில் ஒரு உயிர் போய்த்தான் புரிந்துகொண்டோம். டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட நம் சமூகத்துப் பெண் 2024 ஜூலை 5-ஆம் தேதி கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் தனக்கு வந்த மிரட்டல் பற்றி அதற்குச் சற்று முன்புதான் போலீசில் புகார் கொடுத்திருந்தார். சாதாரணமாக நேரலையில் பேசிக்கொண்டிருந்த பெண்ணைத் தமிழில், நம் மொழியில், நம் ஆட்கள்தான் வசை பாடினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அப்போதிருந்த சிறு குற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அதிகபட்ச அபராதமே அவ்வளவுதான். நாடே கொதித்தது. அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. ஒருவரைத் தூண்டி, அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கோ அதற்கு முயலும் நிலைக்கோ தள்ளினால் இப்போது 10 ஆண்டு வரை சிறை. "நான் ஃபார்வேர்ட்தான் பண்ணேன்" என்று சொல்கிறவர்கள் இதையும் ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது அப்படி ஒரு பாரம் இருந்தால், பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். நம் கிளைத் தலைவர்களையும் கூப்பிடலாம், ராத்திரி ரெண்டு மணியானாலும்.

கியா பார்ம் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்து நாலு பேராக அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனோம். முதலாளி ரெண்டு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை, வீட்டில் தம்பி படிக்கிறான். ரெண்டு வாரச் சம்பளம் என்றால் சின்ன விஷயம் இல்லை. நாங்கள் ஏதோ பெரிய அநியாயம் நடந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். அவள் சொன்னது வேறு. "நான் கத்துனது தப்புதாண்ணே. பெட்டியில அடிப்பழம் அழுகியிருந்தது உண்மை. மாத்திக் குடுத்திருக்கணும். காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருந்தேன், அவங்க 'தோட்டத்து ஜனங்க புத்தி'ன்னு சொன்னதும் வாய் வந்திடுச்சி." அந்த வார்த்தை காணொலியில் இல்லை. அதற்குப் பிறகுதான் போனைத் தூக்கியிருக்கிறார்கள்.

தப்பு அவளிடமும் இருந்தது. அதனால்தான் இந்தச் சம்பவத்தை எழுதுகிறேன். ஒரு தப்பும் செய்யாதவளாக இருந்தால் நமக்கு வேலை சுலபம், இரக்கப்பட்டுவிட்டுப் போய்விடலாம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பதினொரு பேரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன். எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், உங்கள் பேரோடு, "முழு விவரம் தெரியாமல் அனுப்பிவிட்டேன்" என்று எழுத முடியுமா? ஆறு பேர் எழுதினார்கள். நாலு பேர் காணொலியை மட்டும் அழித்தார்கள், எழுதக் கூச்சமாம். ஒருவன் முடியாது என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவனை ஒதுக்கி வைக்கலாமா என்ற யோசனைகூட ஒரு நிமிஷம் வந்தது என்பதைச் சொல்லி வைக்கிறேன். அவன் இன்னமும் வகுப்புக்கு வருகிறான். அந்தப் பொண்ணு கோலாலம்பூர்க் குடும்பத்துக்கு ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. மூன்றாவது வாரம் வேலைக்கும் போனாள், வகுப்புக்கும் வந்தாள்.

கிளைகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு: கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். விறன்மிண்டர் கதையை முதலில் முழுசாகச் சொல்லுங்கள், நடுவில் விளக்கம் வேண்டாம். பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் விறன்மிண்டருக்காகவும் மறுபக்கம் சுந்தரருக்காகவும் பேசட்டும். அரை மணி நேரம் கழித்துப் பக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 'மாதொருபாகன்' பற்றிப் பேச்சு வந்தால் தடுக்காதீர்கள், ஆனால் படித்தவர்களுக்கு முதலில் பேச வாய்ப்புக் கொடுங்கள். முடிவில் ஒவ்வொருவரும், கடந்த ஒரு வருஷத்தில் தான் அனுப்பிய ஒரு காணொலியை நினைவுக்குக் கொண்டுவந்து, அதில் இருந்தவர் பேர் என்ன, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதட்டும். பெரும்பாலும் வெறும் தாள்தான் வரும். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பாடம் அதிலிருந்து தொடங்கும்.